எவ்விதத் தொடர்பும் வேண்டாம்

செப்டம்பர் 2, வியாழன்

இந்த டைரி கட்சி கொடுத்தது. ஜனவரியில் இவர் கொண்டுவந்து மேஜையில் போட்டதோடு சரி, பால் கணக்குகூட இதில் எழுதியதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் தலைவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்துக்குக் கீழே 'தயிர் அரை லிட்டர்' என்று எழுத எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இன்றைக்கு எழுதலாம். இன்றைக்குக் கட்சி விஷயம்தான்.

எங்கள் பதினாலாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன், குடைச் சின்னத்துக்காகச் சுவர் பிடிப்பதும் கொடி கட்டுவதும் ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் கத்துவதும் இவர்தான். இந்தத் தடவை கவுன்சிலர் சீட் இவருக்கு என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. செய்தி வந்தபோது கடையில் யாருடைய மிக்ஸியையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாராம். "அப்ப கனி நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்குரூவைத் திருக ஆரம்பித்துவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கட்சியில் யாரும் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பதவியைச் சொல்லித்தான். மாவட்டச் செயலாளர் என்றால் 'மாவட்டம்'. நகரச் செயலாளர் 'நகரம்'. வட்டச் செயலாளரான என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி 'வட்டம்'. "மாவட்டம் தூங்குறாரு", "வட்டத்துக்குச் சுகராமே" என்றெல்லாம் போனில் கேட்டு முதலில் சிரித்துக்கொண்டிருந்தேன், பிறகு பழகிவிட்டது.

சாயங்காலம் நகரம் வந்து எனக்குச் சால்வை போட்டார். "இனிமே நீங்க வெறும் மதினி இல்ல, வேட்பாளர்" என்றார். ரசத்தை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தேன். பொங்கி வழிந்துவிட்டது.

செப்டம்பர் 5, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். எதிரணியான மணிச் சின்னக் கட்சியிலிருந்து குருவையா என்று ஒருவர் நம் கட்சியில் சேர்ந்தார். அவர்கள் கட்சித் தலைவர் வருகிறார் என்று ராத்திரியோடு ராத்திரியாக ரோடு போட்டு, அவர் போன மறு வாரமே அது பெயர்ந்துவிட்டதை வீடியோ எடுத்து, "எங்க தலைவரு வாரம் ஒருக்கா வந்தாத்தான் எங்களுக்கு ரோடு" என்று பேசிப் போட்டவர். அவர்கள் உடனே நீக்கிவிட்டார்கள். நாங்கள் திறந்த ஜீப்பில் கூட்டி வந்தோம். ஊர் முழுக்க போஸ்டர்: 'உண்மை பேசிய தொண்டனே, வருக!'

மாவட்டம் நன்றாகப் பேசினார். "அந்தக் கட்சியில வாயத் தொறந்தா வெளிய தள்ளுவான். நம்ம கட்சியில கடைசி வரிசையில நிக்கிற தொண்டனும் எந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம். கேக்கணும். கேக்கலன்னாத்தான் எனக்குக் கோவம் வரும்." அப்படி ஒரு கைதட்டல். நானும் தட்டினேன்.

இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. காலையிலிருந்து அறிவிப்பு. வீட்டுக்கு வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டே, "கேட்டியா கனி? கேக்கலன்னாத்தான் கோவம் வருமாம். இப்படி ஒரு மனுசன் எந்தக் கட்சியில இருக்கான்?" என்றார். கண்ணில் தண்ணீர். கொப்பளித்ததால் இருக்கலாம்.

செப்டம்பர் 8, புதன்

தெருத்தெருவாகப் போனோம். எங்கே போனாலும் தண்ணீர்ப் பேச்சு. குடிக்கிற தண்ணீர் இல்லை, நிற்கிற தண்ணீர். முந்தி மழை பெய்தால் வார்டுத் தண்ணீர் ஊரணிக்குப் போய்விடும். போன தடவை நகராட்சி நம் கட்சி கையில் இருந்தபோது ஊரணிக் கரையில் வரிசையாகக் கடை கட்டினார்கள். கடைக்கு அடியில் போன வாய்க்காலை மூடிவிட்டார்கள். ஐப்பசி வந்தால் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வரும். கடைகளை ஏலம் எடுத்தது மாவட்டத்தின் மச்சான். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காலெல்லாம் வலி. எரிச்சலில், "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஓட்டு கேக்கச் சொல்றீங்க? வாய்க்கால மூடுனது நாமதான. ஓட்டு கேக்குறதுக்கு முந்தி ஜனங்ககிட்ட மன்னிப்பு கேளுங்க, அப்புறம் ஓட்டு கேளுங்க" என்றேன்.

இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "நல்லாச் சொன்ன. இத நாளைக்குச் செயல்வீரர் கூட்டத்துல கேக்கட்டுமா?"

"கேளுங்களேன். மாவட்டமே சொல்லியாச்சு, இன்னும் என்ன பயம்?" என்று சிரித்தேன்.

அரைக்கீரைக் கடைசலும் அப்பளமும். நன்றாகச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 9, வியாழன்

கேட்டுவிட்டார்.

செப்டம்பர் 10, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. கல்யாண மண்டபத்தில் கட்சிக்காரர்கள் மட்டும்தான். நான் வேட்பாளர் என்பதால் மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மாவட்டம், "யாருக்காவது எதாவது சொல்லணுமா?" என்றார். அது எப்போதும் கேட்பது. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், உடனே சாப்பாடு போட்டுவிடுவார்கள்.

இவர் எழுந்தார். மைக் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஊரெல்லாம் கத்திப் பழகிய அந்தக் குரலிலேயே சொன்னார். "வாய்க்கால மூடுனது நாமதாண்ணே. மழை வருது. ஓட்டு கேக்குறதுக்கு முந்தி பதினாலாவது வார்டு ஜனங்ககிட்ட ஒரு மன்னிப்பு கேப்போம். கடையில நடுவுல ரெண்ட இடிச்சு வாய்க்காலத் தொறக்குறோம்னு சொல்லுவோம். அப்புறம் பாருங்க, ஓட்டு தானா விழும்."

பின் வரிசையில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். முன் வரிசை தட்டவில்லை என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். மாவட்டம் சிரித்தார். "வட்டம் நல்லாக் கேட்டாரு. சாப்பிடப் போங்க" என்றார். இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், எப்படி என்கிற மாதிரி.

சாப்பாட்டுப் பந்தியில் இவர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. இவர் அதைக் கவனிக்கவில்லை. பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

யாரோ செல்போனில் எடுத்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் மணிக்காரர்கள் வீடு வீடாக அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 12, ஞாயிறு

கட்சிப் பத்திரிகையில் வந்துவிட்டது. 'கட்சியின் கொள்கை, குறிக்கோள்களுக்கு முரணாகச் செயல்பட்டு, களங்கமும் அவப்பெயரும் உண்டாகும் வகையில் நடந்துகொண்ட காரணத்தால், ஜெயபாண்டி அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் இன்று முதல் நீக்கப்படுகிறார். கட்சி உடன்பிறப்புகள் எவரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம்.'

இந்த வாசகம் எனக்கு மனப்பாடம். யாரை நீக்கினாலும் இதேதான் வரும். இவரே எத்தனையோ பேருக்கு இதை டீக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். போன வருஷம் இவர்கூடப் படித்த சிநேகிதன் சங்கிலி அண்ணனை நீக்கியபோது, அவர் எதிரே வந்தால் இவர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். "கட்டளைன்னா கட்டளை" என்பார்.

இரண்டு தடவை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கட்சி வேட்பாளர், கனி" என்றார்.

"அதுக்கு?"

"நான் நீக்கப்பட்டவன். ஒரே வீட்டுல இருக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது தலைமைக்கு எழுதிப் போட்டான்னா உன் சீட்டுக்கு ஆபத்து."

"கூறுகெட்டதனமாப் பேசாதீங்க. புருஷன் பொண்டாட்டிக்கெல்லாமா அது?"

"எவரும்னு போட்டிருக்குல்ல" என்றார். அவர்கள் தன்னை வெளியே தள்ளிய கட்டளைக்கு இவரே கட்டுப்படுகிறார். இப்படி ஒரு பைத்தியத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

நான் தடுத்தேன். எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சுகர் மாத்திரை, இரண்டு லுங்கி, துண்டு, போன் சார்ஜர் எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். கடையில் பின்பக்கம் ஒரு கட்டில் கிடக்கிறது. தேர்தல் வரைக்கும்தானே.

செப்டம்பர் 14, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஜெபராணியிடம் தூக்குவாளியில் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறேன். பாவம், அவள் கட்சிக்காரி இல்லை, தாராளமாகத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம்.

ஊர் முழுக்க இவருக்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், மணிக்காரர்கள். 'உண்மை பேசிய தொண்டனே, வருக!' அதே எழுத்து, அதே சிவப்பு. சிவகாசியில் அதே அச்சகமாகத்தான் இருக்கும், குருவையா படத்தை எடுத்துவிட்டு இவர் படத்தை வைத்துவிட்டார்கள். குருவையாவைத் தள்ளிய அதே ஆட்கள் சால்வையோடு கடைக்குப் போயிருக்கிறார்கள். இவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, "நான் குடைக்காரன்டா. என் வீட்டுக்குள்ள நான் சண்ட போட்டா நீ ஏன் பந்தல் போடுற?" என்று விரட்டிவிட்டாராம். ஜெபராணி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நகரம் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "வட்டம் இப்படிக் கேக்கப் போறாருன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா மதினி?" என்றார்.

"நான் அப்பவே வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றேன்.

சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 17, வெள்ளி

கால் வலி பழகிவிட்டது. இன்றைக்கு மேலத்தெருவில் ஆரத்தி எடுத்தார்கள். ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். நான் ஒரு பெயர் சொன்னேன், எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் நான் 'வட்டம் வீட்டம்மா'. இப்போது 'ராஜகனியக்கா' என்கிறார்கள். ஆட்டோ மைக்கில் என் பெயர் தெருமுனை திரும்பும்வரை கேட்கிறது. வேறு யாரையோ பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். குரல் பரவாயில்லை. இவர் குரல் மாதிரி இல்லை.

"அண்ணாச்சிய எங்க?" என்று கேட்கிறவர்களுக்கு, "வெளியூர் போயிருக்காக" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது, கேட்கிறவர்கள் எல்லோரும் காலையில் அவரிடம் பேசிவிட்டுத்தான் வருகிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன். அவர்களும் சரி என்று தலையாட்டுகிறார்கள்.

குருவையா என்னோடு ஜீப்பில் வந்தார். வார்டுக்கு அவர்தான் இப்போது பொறுப்பு. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கட்சிக் கட்டுப்பாடு தெரியாத சில பேரு, வாய் இருக்குன்னு கண்டதையும் பேசுனா, இந்த இயக்கம் பாத்துக்கிட்டு இருக்காது" என்றார். வந்து சேர்ந்து ரெண்டு வாரம் ஆகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் கும்பிட்டேன்.

செப்டம்பர் 20, திங்கள்

தூக்குவாளியைப் படம் எடுத்துவிட்டார்கள். ஜெபராணி எங்கள் வாசலில் வாங்குவது ஒரு படம், கடையில் கொடுப்பது ஒரு படம். 'தலைமையின் உத்தரவைக் காற்றில் பறக்கவிட்ட குடை வேட்பாளர்! நீக்கப்பட்டவருக்குச் சுடச்சுடச் சாப்பாடு!' மணிக்காரர்கள்தான். போன வாரம் அவருக்குச் சால்வை கொண்டுபோனவர்கள், இந்த வாரம் அவர் சாப்பிடுவது குற்றம் என்கிறார்கள்.

நகரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மாவட்டம் ரொம்ப வருத்தப்படுறாரு மதினி. தேர்தல் முடியுற வரைக்கும்..."

நிறுத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் மூன்று ஹோட்டல் இருக்கிறது. அவர் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை.

இரண்டு பேருக்கு வடித்துப் பழகிய கை. சோறு மிஞ்சிவிட்டது.

செப்டம்பர் 23, வியாழன்

ஊர்வலம் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனது. வேறு பாதையில் போகலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ட்ரம்ஸ் சத்தம் கேட்டதும் கடைக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். அவரும் வந்தார். முகச்சவரம் செய்யவில்லை. இடுப்புப் பக்கம் சட்டை தொளதொளவென்று இருந்தது. அங்கே நின்ற மற்றவர்களைப் போல அவரும் வேட்பாளரைப் பார்த்துக் கைகூப்பினார்.

நானும் கைகூப்பினேன். எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு வந்த கை, அவரையும் கும்பிட்டது. குனிந்து, சிரித்து, "மறந்துறாதீங்க, குடை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையை ஆட்டினார். மறக்க மாட்டேன் என்கிற மாதிரி.

ஜீப் நகர்ந்துவிட்டது. இறங்கிப் போய் மாத்திரை போடுகிறாரா என்று கேட்டிருக்கலாம். யார் கையில்தான் செல்போன் இல்லை.

செப்டம்பர் 25, சனி

மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள். "ரெண்டு பேரும் சேந்து என்னம்மா நாடகம் போடுறீங்க?" என்றாள். நாடகம் இல்லை என்றேன். "அப்ப இன்னும் மோசம்" என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 28, செவ்வாய்

மாவட்டம் என்னைக் கட்சி ஆபீசுக்கு வரச் சொன்னார். காப்பி கொடுத்தார். பதினாலாவது வார்டு இழுபறி என்றார். ஜெயபாண்டியை வெளியே உட்காரவைத்தது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லையாம். "எனக்கு மட்டும் பிடிச்சிருக்கான்னு நெனைக்கிறியாம்மா? தலைமை எடுத்த முடிவு" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் கடைசிப் பொதுக்கூட்டம். நான் பேசும்போது, என் வீட்டுக்காரர் அவசரத்தில் பேசிவிட்டார், அதற்காக மனம் வருந்துகிறார் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேடையிலேயே அவரைத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டில் இருப்பார்.

"அவுக வருத்தப்படுறேன்னு சொன்னாகளா?" என்று கேட்டேன்.

"நீ சொன்னாப் போதும்மா. புருஷன் மனசு பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நாளைக்குச் சேர்க்கப்போகிறார்கள், அதுவரை அவர் நீக்கப்பட்டவர்தானே, எவ்விதத் தொடர்பும் கூடாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேட்டால் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் போகவில்லை.

ஆனாலும் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அதுதான் முக்கியம். வேறு எதற்காகவும் இல்லை.

செப்டம்பர் 29, புதன்

சொல்லிவிட்டேன்.

மேடை போட்டால் குழாய் ஸ்பீக்கரை எங்கே கட்டுவது என்று இந்த ஊரில் தீர்மானித்தது அவர்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லைட் கம்பத்தில் கட்டினால் கடைவீதி முழுக்கக் கேட்கும் என்பார். பழக்கம் மாறாமல் இன்றைக்கும் அங்கேதான் கட்டியிருந்தார்கள். அவர் கடை வாசலுக்கு நேர் மேலே.

அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்க்காமலே சொன்னேன். "எங்க வீட்டுல அவுக, அன்னைக்கு ஏதோ ஒரு அவசரத்துல, விவரம் தெரியாம பேசிட்டாக. பேசுனது தப்புன்னு இப்ப மனசார வருந்துறாக. எங்கிட்ட சொல்லி அழுதாக. தலைமைகிட்டயும் மாவட்டத்துகிட்டயும் மன்னிப்பு கேக்குறாக." அழுதாக என்பது எழுதிக் கொடுத்ததில் இல்லை. அது என் வாயில் தானாக வந்தது. அந்த இடத்தில்தான் கூட்டம் அதிகமாகக் கைதட்டியது.

மேடையிலிருந்து கடை தெரியும். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் 'வருந்துறாக' என்றபோது அவர் வெளியே வந்தார். மேடைப் பக்கம் திரும்பவில்லை. லைட் கம்பத்தில் கட்டியிருந்த குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். என் குரல் அதிலிருந்துதானே அவருக்கு வந்தது. முடியும்வரை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஷட்டரை இழுத்துவிட்டார்.

மாவட்டம் மைக்கை வாங்கி, "மன்னிக்கிற மனசு இந்த இயக்கத்துக்கு உண்டு" என்றார். வாணம் விட்டார்கள். குருவையா எனக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 30, வியாழன்

வந்துவிட்டார். பையோடு வந்தார். பத்திரிகையில் 'மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்' என்று வந்திருந்தது, கட்டளைன்னா கட்டளைதானே. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவி வைத்தார். பேசவில்லை.

நகரம் ஓடி வந்தார். "வட்டம், கடைசி ரெண்டு நாளு, வந்து மைக்கப் பிடிங்க. உங்க குரல் கேட்டாத்தான் வார்டே முழிக்கும்." அவர் நகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுகளுக்குத் தொண்ட கட்டியிருக்கு" என்றேன் நான்.

சொன்ன பிறகுதான், மறுபடியும் அவருக்காக நான் பேசிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவர் எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 4, திங்கள்

ஓட்டு. ஒன்றாகப் போனோம். படம் எடுத்தார்கள். மை வைத்த விரலை இரண்டு பேரும் காட்டினோம். போட்டோவில் நான் மட்டும் சிரிக்கிறேன்.

அக்டோபர் 6, புதன்

ஜெயித்துவிட்டேன். மாலை போட்டுப் போட்டுக் கழுத்தெல்லாம் அரிக்கிறது. வெடிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஓரமாக அவரும் நின்றார். மணிக்காரர்கள் தோற்றதற்குத் தங்கள் ஆள் ஒருவரைப் பொறுப்பாக்கி நீக்கியிருக்கிறார்களாம். அவர் என்ன பேசினாரோ. நாளைக்கு நாங்கள் சால்வையோடு போவோம்.

அக்டோபர் 19, செவ்வாய்

முதல் நகராட்சிக் கூட்டம். மாவட்டத்தின் சம்சாரம்தான் சேர்மன். போகும்போதே நகரம் சொன்னார், "கூட்டத்துல சேர்மனம்மா பேசுவாங்க மதினி. தீர்மானம் வாசிச்சதும் நீங்க கை தூக்குனாப் போதும்."

நான் வாய்க்காலைப் பற்றிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். சத்தியமாக. ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஏதோ தீர்மானங்களை வேகமாக வாசித்துக்கொண்டே போனார்கள். பேச அனுமதி வேண்டும் என்று கை தூக்கினேன். என் பக்கத்தில் இருந்தவர்களும் தூக்கியிருந்தார்கள். "ஏகமனதாக நிறைவேறியது" என்றார்கள். என்ன நிறைவேறியது என்று வெளியே வந்துதான் கேட்டேன். ஊரணிக் கரைக் கடைகளுக்கு இன்னும் ஒன்பது வருஷம் குத்தகை நீட்டிப்பு.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. எப்படியும் தெரிந்துவிடும்.

அக்டோபர் 24, ஞாயிறு

கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிறார். "மிக்ஸி காயில் போயிருச்சு, நாளைக்கு வாங்க" என்று சொல்வதை நானே கேட்டேன். மகளிடம் போனில் பேசுகிறார். என்னிடம்தான் இல்லை. கோபமாக முகத்தைத் திருப்பினாலாவது சண்டை போடலாம். அதுவும் இல்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார்.

மத்தியானம் என்னால் தாங்க முடியவில்லை. "நான் யாருக்காகச் செஞ்சேன்? உங்கள வீட்டுக்குக் கொண்டுவரத்தான செஞ்சேன்?" என்று கத்தினேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நான் முடிக்கும்வரை கேட்டார். அந்தக் குழாயைப் பார்த்த அதே பார்வை. பிறகு மோரை ஊற்றிக்கொண்டார்.

எழுதிவிடுகிறேன். அது அவர் வார்த்தையே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டு நான் சொன்ன வார்த்தை. என் மனசில் இருந்ததைத்தான் அவர் எழுந்து நின்று சொன்னார். நான் கேளுங்கள் என்று சொல்லித்தான் கேட்டார். இதை அவர் மண்டபத்தில் சொல்லவில்லை, கடையில் தனியாகக் கிடந்தபோது சொல்லவில்லை, யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்னதற்கு அவரை மன்னிப்புக் கேட்கவைத்தேன், அதுவும் அவர் இல்லாத மேடையில். ஜனங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்போம் என்றார் அவர். இந்தத் தேர்தலில் கேட்கப்பட்ட ஒரே மன்னிப்பு அவர் பெயரில் நான் கேட்டது.

மேலே தலைவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிக்கட்டும்.

அக்டோபர் 28, வியாழன்

விடிந்ததிலிருந்து அடைமழை. பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அரிசி டிரம்மைக் கட்டில்மேல் தூக்கி வைத்தேன். அவர் வந்து மறுபக்கம் பிடித்தார். வைத்ததும் போய்விட்டார்.

தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு. ஜெபராணிதான் முன்னால். "யக்கா, எங்க அடுப்பு மெதக்குது. நீங்க கவுன்சிலரா இருந்து என்ன பிரயோசனம்? அண்ணாச்சி அன்னைக்கு அத்தன பேரு மத்தியில கேட்டாகள்ல, அத நீங்க ஒரு தடவ கேக்கக் கூடாதா?"

"நிர்வாகத்துகிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கோம்" என்றேன். என் குரலைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

"யாரு பேசுறா? எங்க பேசுறீங்க?" என்றாள். பதில் வராது என்று தெரிந்ததும் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்களாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் இறைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எப்படியாவது இவர்களை அனுப்பிவிட வேண்டும், அவர் சொன்னால் கேட்பார்கள். "ஏங்க, அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

வாளியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்தக் குரல் என்னிடம் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"நீயே சொல்லிரு கனி. நான் வருத்தப்படுறேன்னு சொல்லிரு. அழுதேன்னும் சொல்லு, உனக்குத்தான் நல்லா வருமே."

கோபம் இல்லை. ஸ்குரூ டிரைவர் எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஜெபராணியும் மற்றவர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.